வலையில் வந்த வடதுருவம்

கோடியக்கரையில் அமாவாசையை ஒட்டிய இருட்டில்தான் வலை கட்டுவோம். நிலா வெளிச்சத்தில் பறவைகள் வலையைக் கண்டுகொண்டு விலகிவிடும். வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் அந்த முனையில், உப்பளங்களைத் தாண்டிய சேற்றுப் பரப்பில், மூங்கில் கழிகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு நைலான் வலை மடிப்பு மடிப்பாகத் தொங்கும். தாழப் பறந்து வரும் பறவை அதில் மோதி, மடிப்புப் பைக்குள் மெத்தென்று விழும்.

காட்டுயிர் படிக்கும் மாணவனாக நான் முதலில் கற்றது, பிடிப்பதை அல்ல, எடுப்பதை. எந்தப் பக்கம் நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே பறவையை விடுவிக்க வேண்டும்; கால், உடல், சிறகு, தலை என்று நூல் நூலாக. “நெரிச்சிடாதீங்க தம்பி, சும்மா தாங்கினாப் போதும்” என்றார் வலைக்காவலுக்கு வந்த உள்ளூர்ப் பெரியவர். அந்தக் கைப்பக்குவம் பாடப்புத்தகத்தில் இல்லை. இங்கே நடந்த ஆய்வுகளுக்கே, பரம்பரையாகப் பறவை பிடித்த பீகாரின் மிர்ஷிகார்களுடைய விரல்கள்தான் பெரிய துணை. சாலிம் அலி காலத்தில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கிய வளையமிடும் பணி அவர்கள் கையால்தான் வளர்ந்தது.

ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து, உள்ளங்கையில் முதுகு. வளைமூக்கு உள்ளான். எடை ஒரு கோழிமுட்டைக்குச் சமம். நெஞ்சுத் துடிப்பு தனித்தனியாக எண்ண முடியாத ஒரே அதிர்வாய் விரலில் ஏறுகிறது. இந்தச் சிற்றுயிர் பிறந்தது சைபீரியாவின் வடகோடியில், கோடையில் சூரியன் மறையாத தூந்திர வெளியில். தைமீர் தீபகற்பத்திலிருந்து நேர்கோடு போட்டாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல். பறவையோ நேர்கோட்டில் வருவதில்லை.

டார்ச் வெளிச்சத்தில் அதன் சிறகை விரித்துப் பார்த்தபோது, எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தந்தவரே ஒரு கணம் பேச்சை நிறுத்தினார். பறக்கும் இறகுகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாய் உதிர்ந்து புதிதாய் முளைத்துக்கொண்டிருந்தன. வலச்சிறகில் எந்த இறகு உதிர்கிறதோ, இடச்சிறகிலும் ஏறக்குறைய அதே இறகு உதிரும். இப்படிச் சமன் குலையாமல், பறந்துகொண்டே, பறக்கும் கருவியைப் புதுப்பித்துக்கொள்ளும் வித்தை! கீழ்நோக்கி வளைந்த அலகின் நுனியிலோ நுண்ணிய நரம்புக் குழிகள். சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் புழு அசைவதை அந்த நுனி உணரும். முழு அலகையும் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து கவ்வும்.

நாம் கோடியக்கரைக்குப் போனால் பூநாரையைத் தேடுகிறோம், படம் எடுத்துத் திரும்புகிறோம். அலை ஒதுங்கிய சேற்றில் குடுகுடுவென்று ஓடும் பழுப்பு நிறக் கூட்டத்தை ஒரு பார்வைகூடப் பார்ப்பதில்லை. நம்மில் பலருக்கு அதெல்லாம் ஏதோ குருவி.

என்னை அதிகம் பணியவைத்தது அந்த ஆண்டுதான் பிறந்த இளம் பறவை. துருவத்தில் ஆண் பறவை அடைகாப்பதே இல்லை, முதலில் கிளம்பிவிடுகிறது. பிறகு தாயும் கிளம்பும். குஞ்சுகள், கடைசியில், தாமாகவே புறப்படுகின்றன. முன்பின் பார்த்திராத தென்கடலுக்கு, வழிகாட்டப் பெற்றோர் யாருமின்றி. எந்த ஏட்டில் எழுதிக் கொடுத்தான் படைத்தவன் அந்த வழியை?

வலையில் இளம் பறவைகள் எத்தனை என்று எண்ணுவதற்கும் காரணம் உண்டு. தூந்திரத்தில் லெம்மிங் என்ற எலி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும், பிறகு அருகும். பெருகிய ஆண்டில் துருவ நரிக்கு அதுவே போதும். அருகிய ஆண்டில் நரி இந்தப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தேடிப் போகிறது. அந்தப் பருவத்தில் தெற்கே வரும் கூட்டங்களில் இளசுகள் குறைந்துபோகின்றன. எங்கோ பனிக்கடியில் ஓடும் எலியின் கணக்கு, இப்படி வெப்பக் கடல்களின் கரைவரை வந்து சேருகிறது.

காலில் போடும் அலுமினிய வளையம் 1899-இல் டென்மார்க்கில் மோர்ட்டென்சன் என்ற ஆசிரியர் தொடங்கி வைத்த வழக்கம். ஓர் எண், ஒரு முகவரி, அவ்வளவே. இடுக்கியால் வளையத்தை மூடி, காலில் தாராளமாகச் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு, இருட்டுக்குக் கண் பழகும்வரை வைத்திருந்து தரையில் விடுவோம், தூக்கி எறிவதில்லை. பெரும்பாலான வளையங்கள் திரும்பக் கண்ணில் படுவதேயில்லை. பழைய வளையத்தோடு ஒரு பறவை மீண்டும் வலையில் விழுவதும் உண்டு. உப்புத் தண்ணீரில் தேய்ந்து எண் மங்கியிருக்கும். விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் படித்து, புதியதை மாட்டி அனுப்புவோம். அந்தப் பறவை அதற்குள் எத்தனை முறை துருவம் போய் வந்திருக்கும் என்பதைப் பழைய பதிவேட்டைப் புரட்டிக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.