வேகமும் விவேகமும்

பதுளை, பசறைத் தோட்டங்களில் மாலை வேளைகளில் மென்பந்து ஆடும் சிறுவர்கள், வேகப்பந்து வீச்சுக்குத் தோள்வலிமை ஒன்றே போதுமென எண்ணுகின்றனர். சமிந்த வாசின் ஆட்ட வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்தவல்லது.

1974ஆம் ஆண்டு பிறந்த வாஸ், இடக்கை வீச்சாளர், அதிவேகத்தாற் பெயர்பெற்றவரல்லர். அவர் நம்பியது பந்தின் தையலையே. கடினப்பந்தின் நடுவே புடைத்து நிற்கும் தையலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கத்தை மெருகு குன்றாது காத்து வீசினால், இருபுறமும் ஓடுங் காற்று வெவ்வேறு விதமாகப் பிரிகின்றது. தையல் நோக்கிய திசையிற் பந்து வளைகின்றது. இவ்வாறு வலக்கைத் துடுப்பாட்டக்காரரை நோக்கி உள்வளைந்து வரும் பந்தே வாசின் படைக்கலம்.

1995இல் நேப்பியரில், இரு இன்னிங்சிலுமாக நியூசிலாந்தின் 10 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். இலங்கை அந்நிய மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியது. 2001இல் கொழும்பில் நடந்த ஒருநாட் போட்டியில் 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். சிம்பாப்வே 38 ஓட்டங்களுடன் அடங்கியது. 2009இல் டெஸ்ட் ஆட்டத்தினின்று விலகியபோது, 111 போட்டிகளில் 355 விக்கெட்டுகளை அவர் பெற்றிருந்தார்.

நேயர்களே, மென்பந்தில் இத்தகைய தையல் இல்லை. ஆதலின், எத்துணை ஆற்றல் இருப்பினும், கடினப்பந்தைத் தொட்டறியாத தோட்டப் பிள்ளைக்கு இவ்வித்தை கைகூடாது. அப்பந்தும், அதை வீசச் சிறிது சமதரையும், பிடிக்கக் கற்பிக்கும் ஓர் ஆசானும் தேவை. மலைச்சரிவிற் சமதரை அரிதுதான். எனினும், நம் பிள்ளைகளிடம் திறமை இல்லையெனத் தீர்ப்புக் கூறுமுன், அவர்கள் கையில் நாம் கொடுத்த பந்து எதுவென்று பார்த்தல் நியாயம்.