பெயர் எழுதாத மொய்

கலியாண வீட்டு வாசலில் ஒரு மேஜை. மேஜை மேல் வெற்றிலை பாக்குத் தட்டு, சந்தனக் கிண்ணம். பக்கத்தில் கோடு போட்ட நோட்டு. "ஊர், பேர், தொகை" என்று கேட்டு எழுத ஒருவர். பணத்தை எண்ணி மஞ்சள் பையில் போட இன்னொருவர். நோட்டில் ஏறாத பணம் மொய்யே அல்ல என்பது நம் வழக்கம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்திலும் இதே கணக்குத்தான். கறிச்சோறு போட்டுப் பணம் திரட்டுவார்கள். இன்று எழுதியவருக்கு நாளை திருப்பி எழுத வேண்டும்.

ஆனால், பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் ஏழைகள் மொய் கொடுத்த கதை ஒன்று உண்டு. கொடுத்தவர் யார் என்று எந்த நோட்டிலும் எழுதவில்லை. திருப்பிக் கேட்டவரும் இல்லை. அந்தப் பணம் ஒரு பெரிய போராட்டத்தைத் தாங்கி நின்றது.

நடந்த இடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி. நடந்த காலம் 1955, 1956-ம் ஆண்டுகள். திரட்டியவர் ஒரு சமையல்கார அம்மாள். அவர் பெயர் ஜார்ஜியா கில்மோர்.

பின்பக்கக் கதவு

அந்த ஊர் பஸ்களில் முன்பக்கத்துப் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு மட்டும். பஸ் முழுக்கக் கறுப்பர்கள் நின்றுகொண்டு வந்தாலும், அந்தப் பத்தும் காலியாகவே ஓடும். நடு இருக்கைகளில் கறுப்பர்கள் உட்காரலாம்; வெள்ளையர் ஏறி இடமில்லாமல் நின்றால் எழுந்து கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் பஸ்ஸில் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள்தான். கம்பெனி பிழைத்ததே அவர்கள் கொடுத்த பத்துப் பத்து சென்ட்டில்!

இன்னொரு கொடுமையும் இருந்தது. முன்கதவில் ஏறி டிரைவரிடம் காசைப் போட வேண்டும். பிறகு கீழே இறங்கி, பஸ்ஸைச் சுற்றிப் போய், பின்கதவு வழியாக ஏற வேண்டும். சுற்றிப் போவதற்குள் பஸ்ஸைக் கிளப்பிவிடும் டிரைவர்களும் உண்டு.

1955 அக்டோபரில் கில்மோர் அம்மாளுக்கு நேர்ந்தது இதுதான். காசு போட்டார். இறங்கிப் பின்பக்கம் வரச் சொன்னார் டிரைவர். இறங்கினார். பஸ் போய்விட்டது. இனி இந்த பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்று அந்த அம்மாள் அன்றே முடிவு செய்துவிட்டார். அப்போது ஊரில் போராட்டம் எதுவும் தொடங்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளிப் பெண், வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதானார். டிசம்பர் 5-ந் தேதி பஸ் பகிஷ்காரம் தொடங்கியது. அதை நடத்த அன்றே ஒரு சங்கம் அமைந்தது. அதன் தலைவராக 26 வயதுப் பாதிரியார் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்தான் மார்ட்டின் லூதர் கிங்.

பதினான்கு டாலர் முதல்

பகிஷ்காரம் என்று சொல்லிவிடலாம். மறுநாள் காலை வேலைக்குப் போவது எப்படி? கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் வெள்ளையர் வீடுகளில் சமையல், துணி துவைத்தல், பிள்ளை பார்த்தல் என்று வேலை செய்தவர்கள். வேலை செய்யும் வீடு ஊரின் ஒரு கோடி. குடியிருப்பது மறு கோடி. பலர் மைல் கணக்கில் நடந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்காக, கார் வைத்திருந்தவர்கள் கார் கொடுத்தார்கள். ஏறக்குறைய முந்நூறு கார்கள் சேர்ந்தன. எந்த முனையில் ஏறுவது, எங்கே இறங்குவது என்று இடங்கள் குறிக்கப்பட்டன. ரயில்வேயில் வண்டி நேரம் போடுவதுபோலக் காலை மாலைக்கு ஏற்பாடு நடந்தது. பிறகு தேவாலயங்களின் பெயரில் பெரிய வண்டிகளும் வாங்கப்பட்டன.

வண்டி இருந்தால் போதுமா? பெட்ரோல், டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ் என்று நாள்தோறும் செலவு. வெளியூர்களிலிருந்து நன்கொடை வந்தது உண்மை. ஆனால் உள்ளூர்ப் பணம் இல்லாமல் உள்ளூர்ப் போராட்டம் நிற்காது என்பதைக் கில்மோர் அம்மாள் அறிந்திருந்தார்.

ஆறு பிள்ளைகளின் தாய் அவர். ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை. கையில் பணம் கிடையாது, கைப்பக்குவம் இருந்தது. தோழிகளைச் சேர்த்தார். எல்லோரும் போட்டதில் 14 டாலர் தேறியது. பஸ் கட்டணக் கணக்கில் சொன்னால் 140 தடவை பஸ் ஏறும் காசு. அதற்குக் கோழியும் ரொட்டியும் கீரை இலையும் வாங்கினார்கள். பொரித்த கோழியை ரொட்டிக்குள் வைத்துப் பொட்டலம் கட்டிப் பொதுக்கூட்டத்தில் விற்றார்கள். பொட்டலங்கள் தீர்ந்தன. லாபம் போராட்ட நிதிக்குப் போனது.

பிறகு வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. ஒருத்தி வீட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம். இன்னொருத்தி வீட்டில் கேக். வேறொரு வீட்டில் மீன் வறுவல். தலை அலங்காரக் கடைகளிலும் சலவைக் கடைகளிலும் டாக்சி நிற்கும் இடங்களிலும் விற்றார்கள். வாரத்துக்கு 125 முதல் 200 டாலர் வரை சேர்ந்தது.

ஊர் பேர் இல்லாத சங்கம்

இந்தப் பெண்கள் சங்கத்துக்கு அந்த அம்மாள் வைத்த பெயர் "கிளப் ஃப்ரம் நோவேர்". நம் பேச்சில் சொன்னால், ஊர் பேர் இல்லாத சங்கம்!

வேடிக்கைக்கு வைத்த பெயர் அல்ல இது. பலகாரம் செய்தவள் வெள்ளைக்கார எஜமானி வீட்டில் வேலைக்காரி. போராட்டத்துக்கு உதவுகிறாள் என்று தெரிந்தால் மறுநாளே வேலை போகும். குடியிருக்கும் வீடும் போகலாம். வாங்கியவர்களிலும் வெளியே தெரியக் கூடாதவர்கள் இருந்தார்கள். வெள்ளையரிலும் சிலர் சத்தமில்லாமல் உதவினார்கள். "பணம் எங்கிருந்து வந்தது?" என்று யாராவது கேட்டால், "எங்கிருந்தும் வரவில்லை" என்று பதில் சொல்லலாம். அது பொய்யும் ஆகாது. யார் சமைத்தார், யார் கொடுத்தார் என்ற விவரம் முழுக்க அந்த அம்மாளின் மனதில் மட்டும் இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அம்மாள் பெயரைத்தான் மறைத்தார், தொகையை மறைக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் தேவாலயத்தில் கூடும் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த வாரம் இவ்வளவு என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். கூட்டம் கை தட்டி ஆர்ப்பரித்தது. இதைப் பார்த்து ஊரின் மேற்குப் பக்கத்துப் பெண்கள் போட்டிக்கு இன்னொரு சங்கம் தொடங்கினார்கள். எந்தச் சங்கம் அதிகம் கொண்டுவருகிறது என்று வாராவாரம் பார்ப்பதே கூட்டத்துக்கு உற்சாகமாகிவிட்டது. போட்டியில் ஜெயித்தது போராட்ட நிதிதான்.

வேலை போயிற்று

பகிஷ்காரம் சட்ட விரோதம் என்று கிங் மீது வழக்குப் போட்டார்கள். 1956 மார்ச்சில் விசாரணை. கில்மோர் அம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறி, பஸ் டிரைவர் தம்மை நடத்திய விதத்தைச் சொன்னார். மற்றவர் பெயரையெல்லாம் மறைத்தவர், தம் பெயரை மட்டும் மறைக்கவில்லை.

அதற்கு விலை கொடுத்தார். விடுதி வேலை போயிற்று.

கிங் சும்மா இருக்கவில்லை. "வீட்டிலேயே சமைத்து விற்கலாமே" என்று யோசனை சொல்லி, பாத்திரம் பண்டம் வாங்கப் பண உதவியும் செய்தார். வீடு சாப்பாட்டுக் கடை ஆயிற்று. வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு மெஸ் எப்படியோ, அப்படி. மேஜையில் இடமில்லாவிட்டால் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். கிங்கும் தோழர்களும் அங்கே உட்கார்ந்து கூடிப் பேசினார்கள். ஊரில் வேறெங்கும் ஒரே மேஜையில் உட்கார முடியாத கறுப்பரும் வெள்ளையரும் அந்த வீட்டில் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

381 நாள்

இதற்கிடையில் கிங் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள். கார்களின் இன்சூரன்சை ரத்து செய்ய வைத்தார்கள். வேலைக்காரியைத் தங்கள் காரிலேயே அழைத்துவந்த வெள்ளைக்கார அம்மாள்களை மேயர் கண்டித்தார். அடுப்பு மட்டும் அணையவில்லை.

கடைசியில் 1956 நவம்பர் 13-ந் தேதி, பஸ்ஸில் இன வேற்றுமை செல்லாது என்ற தீர்ப்பை அமெரிக்க சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. உத்தரவு டிசம்பர் 20-ந் தேதி ஊர் வந்து சேர்ந்தது. மறுநாள் கறுப்பர்கள் முன்கதவில் ஏறி, விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள். 381 நாள் போராட்டம் முடிந்தது.

கிங்கின் பெயரை உலகம் அறியும். 1959-ல் அவர் இந்தியாவுக்கும் வந்து காந்தியடிகளின் நாட்டைப் பார்த்துப் போனார். அந்தப் பலகாரங்களைச் செய்த பெண்களில் பலருடைய பெயர் இன்றும் யாருக்கும் தெரியாது.

வெளி மாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்களும் அடிக்கடி பணம் திரட்டுகிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கு என்றும், வேலைநிறுத்தம் செய்பவர் குடும்பத்துக்கு என்றும், குடிசை இடிபட்டவர்களுக்கு என்றும் ஒண்டுக் குடித்தன அறையில் ஞாயிற்றுக்கிழமை கூடி, தேநீரும் வடையும் கொடுத்துத் துண்டு ஏந்துகிறார்கள். பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரை மைக்கில் நாலு தடவை சொல்வதும், கடைசி வரை கணக்கை மட்டும் சொல்லாமல் விடுவதும் சில இடங்களில் நடக்கிறது. மாண்ட்கோமரி அம்மாள் நடந்துகொண்டது இதற்கு நேர் எதிர். கொடுத்தவர் பெயர் வெளியே வராது. வந்த தொகை ஒரு சென்ட் குறையாமல் வெளியே வரும். அதனால்தான் ஏழைகள் அவரை நம்பி வாராவாரம் கொடுத்தார்கள்.

கில்மோர் அம்மாள் 1990 மார்ச்சில் காலமானார். செல்மா நகரிலிருந்து நடந்த உரிமை யாத்திரையின் 25-வது ஆண்டு அது. அதற்கு வருகிறவர்களுக்காகக் கோழியும் மக்ரோனியும் சமைத்து வைத்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அந்தச் சாப்பாட்டையே பரிமாறினார்கள்.