பந்தயக் காரின் ஸ்டியரிங் புயம்: சுருக்கினால் என்ன நடக்கும்?

மாணவர்களே, விசைத் திருப்பத்துக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் கதவையும் ஸ்பனரையும் எழுதுகிறீர்கள். இம்முறை பந்தயக் காரை எடுத்துக்கொள்வோம்.

நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் போட்டி 1993 இல் தொடங்கியது. இவற்றில் ஓடும் கார்களுட் பல வீதியில் ஓடிய போர்ட் லேசர், மினி போன்றவையே. கராஜில் மாற்றியமைத்துக் கொண்டுபோவார்கள். அப்படி மாற்றும் பகுதிகளில் ஒன்று ஸ்டியரிங் எனும் சுக்கான் தொகுதி.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். ஓட்டோவுக்கு முன்னால் ஒரே சில்லு. கைபிடியைத் திருப்பினால் போதும். நான்கு சில்லு வாகனத்தில் இரு முன் சில்லுகளும் சேர்ந்து திரும்ப வேண்டும். படுவான்கரையில் வயலோரம் நிற்கும் பெரிய உழவு இயந்திரத்தின் முன்பக்கம் குனிந்து பாருங்கள். சில்லுகளை நோக்கிப் போகும் தண்டுகளும், அவை இணையும் குட்டைப் புயங்களும் வெளியே தெரியும். காரிலும் அவை உண்டு, உள்ளே மறைந்திருக்கும். தண்டு புயத்தைத் தள்ள, புயம் சில்லைத் திருப்பும்.

இரு சில்லுகளும் ஒரே கோணத்தில் திரும்பக்கூடாது. வளைவின் உட்பக்கச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.4 மீற்றர், முன் சில்லுகளுக்கு இடைத்தூரம் 1.4 மீற்றர் என்க. வளைவின் மையம் பின்னச்சின் நேர்கோட்டில் உட்பக்கச் சில்லுப் பக்கத்திலிருந்து 4 மீற்றர் தள்ளியிருந்தால், உட்சில்லின் கோணத்தின் தான்சன் 2.4/4 = 0.6, கோணம் ஏறத்தாழ 31 பாகை. வெளிச்சில்லுக்கு 2.4/5.4, ஏறத்தாழ 24 பாகை. வித்தியாசம் 7 பாகை. இதற்காகவே புயங்களைச் சற்றுச் சரிவாக வைக்கிறார்கள். இதன் பெயர் அக்கர்மன் அமைப்பு. ஆனால் இதை வகுத்தவர் மியூனிக் நகர வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர். அவருக்காக 1818 இல் இலண்டனில் காப்புரிமை எடுத்த புத்தக வெளியீட்டாளரே அக்கர்மன். கலைப் பட்டதாரியான எனக்கு இந்தக் கதைதான் முதலில் மனதில் நின்றது!

இனி மாற்றத்துக்கு வருவோம். என்னிடம் படித்து இப்போது கராஜில் வேலை செய்யும் தம்பி ஒருவர், ஒருநாள் ஒரு புயத்தைக் கொண்டுவந்து காட்டினார். பழைய துளைக்கு உள்ளே இன்னொரு துளை போட்டிருந்தது. "சேர், புயம் கட்டையானால் கார் சுறுக்கா வளையும்தானே?" என்றார். வளையும். 12 சென்ரிமீற்றர் புயத்தை 9 ஆக்கினால், சில்லு அதே கோணம் திரும்பத் தண்டு முக்கால்பங்கு தூரம் நகர்ந்தால் போதும். முன்பு 3 சுற்றுச் சுற்றிய ஸ்டியரிங்கை இப்போது ஏறத்தாழ 2¼ சுற்றுச் சுற்றலாம்.

அதற்கு விலை என்ன? சில்லைத் திருப்ப 180 நியூற்றன் மீற்றர் திருப்பம் வேண்டுமென்றால், முன்பு தண்டில் விசை 180/0.12 = 1500 நியூற்றன். இப்போது 180/0.09 = 2000 நியூற்றன். தண்டு, போல் ஜொயின்ட், போல்ட், ஓட்டுநரின் கை ஆகிய எல்லாம் மூன்றிலொரு பங்கு கூடுதலாகத் தாங்க வேண்டும். வேகத்தில் சில்லு கல்லில் மோதும்போது அதே பாதையால் வரும் அதிர்ச்சியும் கூடும்.

துளையை எங்கே போடுவது என்பதும் முக்கியம். சில்லு திரும்பும் அச்சையும் பழைய துளையையும் இணைக்கும் கோட்டிலேயே புதிய துளை அமைய வேண்டும். விலகினால் அந்த 7 பாகைக் கணக்குப் பிழைக்கும். வேகமான பந்தயக் கார்களில் ரயர் பக்கவாட்டில் சறுக்குவதால் இந்த வித்தியாசத்தை வேண்டுமென்றே குறைப்பவர்களும் உண்டு; அது அளந்து செய்வது, தற்செயலாக நடப்பதல்ல.

தண்டின் உயரமும் அப்படியே. காரைத் தாழ்த்திவிட்டுத் தண்டைப் பழைய இடத்திலேயே விட்டால், பள்ளத்தில் சில்லு மேலும் கீழும் போகும்போது, ஸ்டியரிங்கை அசைக்காமலே அது தானாகத் திரும்பும்.

அந்தத் தம்பியிடம் நான் கேட்டது வேறு: "இதைச் சூடாக்கி வளைத்தீர்களா?" அடித்து உருவாக்கி, வெப்பப் பதம் ஏற்றிய உருக்குப் புயத்தைச் சிவக்கச் சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும். வெல்டிங் செய்தாலோ ஒட்டின் ஓரம் நொறுங்கும் தன்மை பெறலாம். வெளியே பெயின்ற் அடித்தால் எதுவும் தெரியாது. நம் வாவிக்கரை உப்புக்காற்றில் துரு வேறு சேரும். போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதைவிட இரு பக்கமும் தகடு வைத்துப் பிடித்தால் வளைவும் கொய்வும் குறையும். நட்டுக்குக் குறுக்கே கொட்டர் பின் கட்டாயம்.

2024 ஏப்ரல் 21 இல் பொக்ஸ் ஹில்லில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளருள் பாய்ந்து ஏழு பேர் இறந்தனர். ஸ்டியரிங் கோளாறுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பாதையை விட்டு விலகும் கார் எங்கே போய் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன். தம்பி அந்தப் புயத்தைப் பூட்டவில்லை.

பயிற்சி: 15 சென்ரிமீற்றர் புயம் 10 ஆகச் சுருக்கப்படுகிறது. தேவையான திருப்பம் 150 நியூற்றன் மீற்றர். தண்டின் விசை எவ்வளவால் கூடும்? (விடை: 500 நியூற்றன்)