தமனிச் சுவரில் தங்கிய கிருமி

1965-இல் தைவானில், டிரகோமா என்ற கண்நோய்க்குத் தடுப்பூசி காண முயன்றவர்கள் ஒரு குழந்தையின் கண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உண்மையான இருப்பிடம் நுரையீரல், அது நிமோனியாவை உண்டாக்குவது என்று தெரியவர ஏறக்குறைய இருபது ஆண்டு ஆயிற்று. கிளமிடியா நிமோனியே என்ற தனிப்பெயர் 1989-இல்தான் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அதன்மேல் இன்னொரு சந்தேகம் விழுந்துவிட்டது: மாரடைப்பு.

சந்தேகத்தைக் கிளப்பியவர் ஃபின்லாந்தின் பெக்கா சைக்கு. மாரடைப்பு வந்த 40 ஆண்களின் ரத்தத்தை அவரது குழு சோதித்தது. 27 பேரிடம் இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட 41 பேரில் 7 பேரிடம் மட்டுமே அப்படி இருந்தது. 1992-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆலன் ஷோர், பிணக்கூறாய்வில் கிடைத்த இதயத் தமனிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்புப் படிவுக்கு உள்ளேயே பேரிக்காய் வடிவத்தில் அந்தக் கிருமி இருந்தது.

தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதைப் போலத்தான் தமனியில் கொழுப்புப் படிகிறது என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் எல்லாம் சுவருக்குள்ளே நடக்கிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல், தமனியின் மெல்லிய உள்தோலுக்கு அடியில் நுழைந்து அங்கேயே தங்கிக் கெட்டுப்போகிறது. அதை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. தின்று தின்று, உள்ளே நுரை நிரம்பியதுபோல் ஊதி, அங்கேயே செத்து விழுகின்றன. அந்தக் குவியலின்மேல் நார்த்திசு மூடிபோல் வளர்கிறது, பிறகு சுண்ணாம்பும் சேர்ந்து சுவர் இறுகுகிறது. ஒருநாள் மூடி கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. ஆறாத அழற்சிதான் இந்த நோயின் உயிர்நாடி. அழற்சி என்றதும் கிருமியைத் தேடுவது மருத்துவருக்கு இயல்பு.

காலமும் அதற்கு ஏற்றதாக இருந்தது. வயிற்றுப்புண்ணுக்கு மனக்கவலையும் அமிலமும்தான் காரணம் என்று நம்பியிருந்த உலகத்துக்கு, ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதன் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் காட்டியிருந்தார்கள். ஒரு சுற்று ஆன்டிபயாடிக்கில் புண் ஆறியது. மாரடைப்பையும் அப்படித் தீர்த்துவிடலாம் என்ற ஆசை எழுந்ததில் வியப்பில்லை.

ஆசையைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் நிலையான இதயநோய் உள்ள 4,012 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் ஒரு அசித்ரோமைசின் வீதம் ஓராண்டு கொடுத்தார்கள், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஏறத்தாழ நான்கு ஆண்டு கவனித்தார்கள். முடிவு 2005-இல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 446 பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 449 பேருக்கும் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு நேர்ந்திருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு 'இல்லை' கிடைப்பது அரிது. டென்மார்க்கில் இரண்டே வாரம் கிளாரித்ரோமைசின் கொடுத்துப் பார்த்ததில், இதயநோயால் இறந்தவர்கள் மருந்து எடுத்துக்கொண்டவர்களிடையேதான் கூடுதலாக இருந்தார்கள்.

அப்படியானால் கிருமி நிரபராதியா? நுரையீரலில் அதை விழுங்கிய வெள்ளணு, பிறகு தமனிச் சுவருக்குப் போகும்போது அதையும் சுமந்துகொண்டு போயிருக்கலாம். குற்றம் நடந்த இடத்தில் நின்றவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் ஆகிவிடமாட்டார்கள். ஆனாலும் கோப்பை மூடிவிட முடியாது. 2025-இல் ஃபின்லாந்தின் தாம்பரே பல்கலைக்கழகக் குழு, திடீரென இறந்தவர்களின் தமனிப் படிவுகளை ஆராய்ந்தது. நம் எல்லார் வாயிலும் சாதாரணமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையின் மரபணுத் தடயம் பத்தில் நான்கு பேரிடம் இருந்தது. படிவின் நடுவே, உடலின் காவல் அணுக்கள் கண்டுகொள்ளாத பிசின் போர்வைக்குள் அவை கூட்டமாகப் பதுங்கியிருந்தன. அப்படிப்பட்ட போர்வையைத் துளைப்பது ஆன்டிபயாடிக்குக்கும் கடினம்.

வாயிலிருந்து ரத்தத்துக்குப் போக வழி நீளமில்லை. ஈறு வீங்கிக் கசிகிற வாயில், பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூட பாக்டீரியா ரத்தத்தில் கலக்கிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான ஈறுநோய் உள்ள 120 பேரில் ஒரு பகுதியினருக்கு ஈறுக்கு அடியிலுள்ள காரையைத் தீவிரமாகச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் அவர்களின் ரத்தக்குழாய் விரியும் திறன் குறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சாதாரணச் சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகவே இருந்தது. பல்லில் செய்த வேலை கையிலுள்ள தமனியில் தெரிகிறது! இதனால் மாரடைப்பு குறையும் என்று இன்னும் நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பானது குடல் பாக்டீரியாவின் கதை. அது தமனிப் பக்கமே போக வேண்டியதில்லை. கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழுவினர், ஆரோக்கியமானவர்களுக்கு அவித்த முட்டை இரண்டு கொடுத்தார்கள். முட்டையிலுள்ள கோலினைக் குடல் பாக்டீரியா டிரைமெத்திலமைனாக மாற்ற, கல்லீரல் அதை டிஎம்ஏஓ என்ற பொருளாக்கி ரத்தத்தில் விட்டது. ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு அதே முட்டையைக் கொடுத்தால், டிஎம்ஏஓ ஏறக்குறைய உருவாகவே இல்லை. பாக்டீரியா திரும்ப வளர்ந்ததும் அதுவும் திரும்பியது. 4,007 நோயாளிகளை மூன்று ஆண்டு தொடர்ந்ததில், டிஎம்ஏஓ மிகுந்திருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது.

இங்கும் ஒரு சிக்கல் உண்டு. டிரைமெத்திலமைன்தான் மீன் வாடை. புளியும் எலுமிச்சையும் போட்டு அலசி நாம் அடக்கும் அதே வாடை. கடல்மீனில் டிஎம்ஏஓ இயற்கையாகவே ஏராளம். ஆனால் மீன் உண்பவர்களுக்கு இதயநோய் கூடுவதாகக் காணோம். ஆகவே அந்தப் பொருளே நஞ்சா, வேறெதற்கோ அடையாளமா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது.

வழக்கு முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால், பற்பசையை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் பல் மருத்துவரிடம் போங்கள். இதயத்துக்கு நல்லது என்று யார் சொன்னாலும் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.