உங்களுக்குத் தெரியுமா? தரையிலிருந்தே விமானத்தை வழிநடத்துபவர்

மாரிமழை யாழ்ப்பாணத்தின் பலாலி ஓடுபாதையை மறைத்தால், சென்னையிலிருந்து வரும் ஏடிஆர் விமானம் எங்கே போய் இறங்கும்? அதற்கான விடை, விமானம் புறப்படுமுன்பே எழுதப்பட்டுவிடும். எழுதுபவர் விமான இயக்க அலுவலர். பலாலி வரை, அங்கிருந்து மாற்று விமான நிலையம் வரை, அதற்கும் மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிட என எரிபொருளைக் கிலோக் கணக்கில் குறிப்பார். பல நாடுகளில் விமானியோடு இவரும் ஒப்பமிட வேண்டும்.

இந்த அலுவலர் உரிமம் பெறச் சர்வதேச விதிப்படி குறைந்தது 21 வயது வேண்டும். வானிலையியல், வான்வழிச் சட்டம், வழிசெலுத்தல், எடைச் சமநிலை எல்லாம் பரீட்சையில் உண்டு. உயர்தரத்தில் கணிதமும் பௌதிகமும் படிக்கும் நம் பிள்ளைகளிடம் இந்தத் தொழிலையும் சொல்லுங்கள். விமானி ஆவதற்கான செலவு இதற்குத் தேவையில்லை.