தாத்தாவும் பாட்டியும் அக்ராவுக்குப் போயிருக்கிறார்கள்!

பென்ஷன் வர ஆரம்பித்தாயிற்று. கடைசிப் பிள்ளைக்கும் கல்யாணம் முடிந்தது. இனி என்ன செய்வது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. வீட்டைப் பூட்டு, சாவியை மகளிடம் கொடு, பெட்டியைக் கட்டு, கானாவுக்குக் கிளம்பு!

உலகம் மார்மன்கள் என்று சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இப்படி மிஷனரி ஊழியத்துக்குக் கிளம்புகிற தம்பதிகளுக்கு ‘சீனியர் கப்புள்’ என்று பெயர். வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேட்ஜுமாக இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் இளம் மிஷனரிகளை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். எனக்கு எப்போதும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் தாத்தா பாட்டிமேல்தான் கண். காலையில் எழுந்து என்னதான் செய்வார்கள்? என்ன சமைப்பார்கள்? பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி இருக்கிறார்கள்? வாருங்கள், கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்ப்போம். கானாவின் தலைநகர் அக்ராவுக்கு இப்படிப் பல ஜோடிகள் வந்து போயிருக்கின்றன. அவர்கள் பலருடைய நாட்களும் கலந்த ஒரு நாள்தான் இது. அதனால் பெயர் வேண்டாம். சபையில் எல்லோரும் கூப்பிடுகிறபடி அவர் எல்டர், அவர் மனைவி சிஸ்டர். பதினெட்டு வயதுப் பையனுக்கும் அங்கே எல்டர் என்றுதான் மரியாதை!

முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுகிறேன். சம்பளம் கிடையாது, சொந்தச் சேமிப்பில்தான் போகிறார்கள். 2011-இல் சபை ஒரு வரம்பு வைத்தது: வீட்டுச் செலவு மாதம் 1,400 டாலரைத் தாண்டினால் மீதியைச் சபை பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டு ஊழியத்தை 6 மாதம் வரை சுருக்கிக்கொள்ளவும் அப்போதுதான் வழி பிறந்தது. ஆனால் 18 மாதத்துக்குக் குறைந்தால் விமான டிக்கெட்டும் கைக்காசுதான். கிளம்புமுன் யூட்டாவின் ப்ரோவோ நகரில் பயிற்சி. அங்கே சாப்பாட்டு வரிசையில் முன்னாலும் பின்னாலும் பேரன் வயதுப் பிள்ளைகள், நடுவில் தட்டோடு இவர்கள் இருவர். இந்தக் காட்சியை நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் பொங்குகிறது!

இப்போது அக்ரா. பொழுது விடியும்போதே வேர்க்கிறது. சமையலறையில் அடுப்பு எரிகிறது, ஆனால் காபி வாசம் வராது. ஆமாம், காபி கிடையாது! டீயும் கிடையாது! 1833-இல் சபைக்கு வந்த ‘ஞான வார்த்தை’ என்ற உணவு நெறி மதுவோடும் புகையிலையோடும் இவற்றையும் விலக்கிவிட்டது. டிகாக்ஷன் இறங்கும் சத்தத்தில் கண் விழிக்கும் நமக்கு இது தாங்காது. ஆனால் அவர்கள் வந்திருப்பது கோகோ நாட்டுக்கு. 1879-இல் டெட்டே குவார்ஷி என்பவர் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கோகோ விதைகளைக் கொண்டுவந்து மம்போங் என்ற ஊரில் போட்டார், இன்று கானா என்றாலே கோகோதான். டம்ளர் நிறையச் சூடான கோகோ போதாதா?

சிஸ்டர் காய்கறிகளைச் சில சொட்டு ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, ஃபில்டரில் தண்ணீர் பிடிக்கிறார். கரண்ட் போகிறது. கானாக்காரர்கள் டும்சோர் என்று அலுத்துக்கொள்ளும் மின்வெட்டு. யூட்டாவில் எப்போதோ ஒரு புயலில் மட்டும் இருட்டைப் பார்த்த பாட்டி இங்கே தீப்பெட்டி எங்கே, டார்ச் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே எடுக்கிறார்.

எல்டர் வண்டியை எடுக்கிறார். 1974 ஆகஸ்ட் 4 வரை கானாவிலும் நம்மைப் போல இடதுபுறம்தான் ஓட்டினார்கள். அன்று நாடே வலதுபுறத்துக்கு மாறியது. அதனால் அமெரிக்கத் தாத்தாவுக்குப் பக்கம் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் ட்ரோட்ரோவால்தான்! ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன் மாதிரியான வேன் அது. ஜன்னலில் தொங்கும் பையன் “சர்க்! சர்க்! சர்க்!” என்று கத்தினால் சர்க்கிள் என்ற சந்திப்புக்குப் போகிறது என்று பொருள். சிக்னலில் வண்டி நின்றால் போதும், தலைச்சுமைக் கடைகள் சூழ்ந்துவிடும். வாழைக்காய் வறுவல், பெல்ட், கைக்குட்டை, அரை லிட்டர் தண்ணீர் பாக்கெட்.

இங்கேதான் எனக்குப் பிடித்த காட்சி. எல்டர் உட்கார்ந்திருப்பது இடப்பக்க ஸீட்டில், ஜன்னலும் இடப்பக்கம். தண்ணீர் பாக்கெட்டுக்குக் காசு நீட்ட இடது கைதான் வசதி. ஆனால் கானாவில் இடது கையால் எதையும் கொடுப்பது அவமரியாதை. எனவே தாத்தா ஸீட்டில் முழுக்கத் திரும்பி, ஸ்டியரிங்குக்கு மேலே வலது கையைச் சுற்றி வளைத்து நீட்டுகிறார். விற்கிற பெண்ணின் முகம் மலர்கிறது! வலது கையால் சாப்பிடவும் அவர்கள் அங்கேதான் பழகுகிறார்கள். ஃபூஃபூ என்ற மரவள்ளிக்கிழங்கு உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். நமக்கென்றால் முதல் கவளத்திலேயே கை வந்துவிடும்.

அலுவலகத்தில் எல்டருக்கு வீட்டு இலாகா. இளம் மிஷனரிகள் தங்கும் ஃப்ளாட்டுகளைப் பிடிப்பது, வாடகை கட்டுவது, குழாய் ஒழுகினால் ஆளைக் கூட்டிவருவது. கானாவின் 1963-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஆறு மாத முன்பணத்துக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் அக்ராவில் இரண்டு வருஷ வாடகையை மொத்தமாக வை என்பார்கள்! பத்து மாத அட்வான்ஸுக்கே மூச்சுத் திணறியவர்களுக்கு எல்டரின் தலைவலி புரியும். ஊரில் வேலை பார்த்த காலத்தில் கற்ற பேரம், பொறுமை, கணக்கு எல்லாம் இப்போதுதான் முழு வீச்சில் வேலை செய்கின்றன.

பிற்பகல், ஃப்ளாட் சோதனை. ஆஹா, இதற்காகத்தானே காத்திருந்தேன்!

வண்டிச் சத்தம் கேட்டதும் மாடியில் திடுதிடுவென்று ஓட்டம். துடைப்பம் விழும் சத்தம். கதவைத் திறக்கும்போது நான்கு இளைஞர்கள் டை சரிசெய்தபடி வரிசையாக நிற்கிறார்கள். ஒருவன் நைஜீரியா, ஒருவன் சியரா லியோன், ஒருவன் கானாவின் வேறொரு மூலை, ஒருவன் அமெரிக்கா. வீட்டில் தாயின் கை பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். எல்டர் நாற்காலியில் ஏறிப் புகை அலாரத்தின் பட்டனை அழுத்துகிறார், கீச்சென்று அலறுகிறது, சரி. வாட்டர் ஃபில்டர் எப்போது மாற்றியது? கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா? மலேரியா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

சிஸ்டர் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போகிறார். மேல் தட்டில் முட்டை, நடுவில் பாதி தின்ற இண்டோமி நூடுல்ஸ், கீழே மூடி போட்ட ஒரு சட்டி. அறையில் திடீர் அமைதி. மூடியைத் திறக்கிறார். உள்ளே ஒரு காலத்தில் வேர்க்கடலைக் குழம்பாக இருந்த ஒன்று. திட்டவில்லை. சட்டியைக் குழாயடிக்கு எடுத்துப்போய், பையனைப் பக்கத்தில் நிறுத்தி, எப்படித் தேய்ப்பது என்று காட்டுகிறார். பிறகு பையிலிருந்து வெளியே வருகிறது பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டிச் சுருள், சின்னமன் ரோல்! அக்ராவின் வெக்கையில் மாவு மளமளவென்று பொங்கிவிடுமாம். தட்டு இரண்டு நிமிடத்தில் காலி.

போகுமுன் பாட்டியின் கண் ஒரு முகத்தில் நிற்கிறது. சரியாகச் சாப்பிடாத பையன், ஊர் நினைப்பு. முன்பெல்லாம் மிஷனரிகள் வருஷத்துக்கு இரண்டு முறைதான் வீட்டோடு பேசலாம், அன்னையர் தினம், கிறிஸ்துமஸ். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு முறை பேசலாம். ஆனாலும் மற்ற ஆறு நாட்கள் இருக்கிறதே! படியிறங்கும் வரை சிஸ்டர் அவனோடு பேசிக்கொண்டே வருகிறார்.

பிரசங்கம், ஞானஸ்நானம் இவைதான் ஊழியம் என்று நினைப்பவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. அந்தச் சட்டியைத் தேய்க்கக் கற்றுக்கொடுத்ததும் ஊழியம்தான். வயிறும் மனசும் சரியில்லாத பத்தொன்பது வயதுப் பையன் யாருக்கு ஆறுதல் சொல்ல முடியும்?

இந்த மண்ணில் இந்தச் சபையின் கதையே வயதான ஜோடிகளோடுதான் தொடங்கியது என்பது தெரியுமா? கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று வெகுகாலம் இருந்த தடை 1978 ஜூனில்தான் நீங்கியது. அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, 1964 முதல், கேப் கோஸ்டில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் தானாகவே சபைகளைக் கூட்டி, மிஷனரிகள் வருவார்கள் என்று காத்திருந்தார். தடை நீங்கிய 1978-இன் இறுதியில் நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் அனுப்பப்பட்டது இளைஞர் பட்டாளம் அல்ல, இரண்டு தம்பதிகள்: ரெண்டல்-ரேச்சல் மேபி, எட்வின்-ஜனத் கேனன். ரெண்டல் மேபிக்கு அப்போது எழுபது வயது! டிசம்பர் 9 அன்று கேப் கோஸ்ட் கடலில் ஞானஸ்நானம் நடந்தது. அக்ராவின் இண்டிபெண்டன்ஸ் அவென்யூவில் இன்று நிற்கும் ஆலயம் 2004 ஜனவரியில் பிரதிஷ்டையானது.

இன்று வருகிற சில ஜோடிகளுக்கு வீட்டு இலாகா இல்லை, வேறு வேலை: கிணறு தோண்டும் திட்டம், மருத்துவப் பயிற்சி, படிப்பு உதவி. இவற்றில் என்னை மயக்குவது வம்சாவளிப் பதிவு. கானாவில் பல குடும்பங்களின் வரலாறு ஏட்டில் இல்லை, பெரியவர்களின் நாவில் இருக்கிறது. கிராமத்து மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகப் பெயர்களைச் சொல்கிறார். உள்ளூர்ப் பணியாளர்கள் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். பின்னணியில் பட்டியல்களைச் சரிபார்த்து நிற்கிறவர்களில் இந்தத் தாத்தா பாட்டிகளும் உண்டு. யூட்டாவில் இதற்கென்றே கருங்கல் மலையைக் குடைந்து காப்பகம் கட்டி, 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்கள்வரை சேர்த்து வைத்த சபை இது. முன்னோருக்காக ஆலயத்தில் சடங்கு செய்வது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பெரியவர் போய்விட்டால் அவரோடு பத்துத் தலைமுறை போய்விடும். பெயர்கள் தப்பிப் பிழைப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சாயங்காலம் மக்கோலா சந்தை. பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சுமாய்த் துணி மலைகள்! சிஸ்டர் ஒரு பீஸ் வாங்கித் தையல்காரப் பெண்ணிடம் கொடுக்கிறார், அதே துணியில் எல்டருக்கும் ஒரு சட்டை. நாற்பது வருஷம் அவர் சாம்பல் நிற சூட் மட்டுமே போட்டவர்! தையல்காரப் பெண்ணின் முதல் கேள்வி, எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்பதுதான். பிறந்த கிழமையை வைத்துத்தான் அங்கே பெயர். வெள்ளிக்கிழமை என்றால் தாத்தா கோஃபி, ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னனைப் போலவே. பாட்டி ஞாயிற்றுக்கிழமை, ஆகவே அகோசுவா. அன்றிலிருந்து சந்தை முழுக்க அந்தப் பெயர்தான்.

இரவு எட்டு மணிக்கு யூட்டாவில் பனிக்காலப் பகல் ஒரு மணி. திரையில் பேரப்பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள். புதிதாகப் பிறந்த பேத்தியைத் திரையில்தான் முதலில் பார்க்கிறார்கள். கலங்காமல் இருக்க முடியுமா? அவசரக் குடும்ப நிகழ்ச்சி என்றால் சொந்தச் செலவில் பத்து நாள் அளவில் ஊருக்குப் போய்வர அனுமதி உண்டு. போனை வைத்ததும் இருவரும் பால்கனியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று ஓடிய காலத்தில் இப்படி நாள் முழுக்க ஒன்றாக இருந்ததே இல்லை. ஊழியம் முடித்துத் திரும்பும் ஜோடிகள் பலரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்களாம்!

முறை முடியும்போது அடுத்த ஜோடிக்குப் பாத்திரம், மின்விசிறி, மசாலா டப்பா எல்லாம் கைமாறுகின்றன. கூடவே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல்: நல்ல மெக்கானிக் யார், பழுத்த அன்னாசி எந்தக் கடையில், எந்த வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும். கடைசி வரி பாட்டியின் கையெழுத்தில், இரண்டு முறை அடிக்கோடிட்டு: இரண்டாம் மாடிப் பையன்கள் வீட்டில் கீழ்த்தட்டுச் சட்டியைக் கட்டாயம் திறந்து பார்க்கவும்.