மனைவியின் சாட்சியம்

'ரிமாண்டு' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் போலீசும் சிறையும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் வீட்டிலோ அதற்கு வேறு அர்த்தம். அங்கே ரிமாண்டு ஆவது ஆள் அல்ல. அவருடைய காகிதக் கட்டு!

பட்டாளத்தில் உடம்பு கெட்டவருக்கு அந்த நாட்டு சர்க்கார் மாதா மாதம் நஷ்ட ஈடு கொடுக்கிறது. கேட்டவுடனே கொடுத்துவிடுமா? இன்று வியாதி இருக்க வேண்டும்; சேவையில் இருந்தபோது ஏதாவது நேர்ந்திருக்க வேண்டும்; இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சாதாரணமாக ஒரு டாக்டர் எழுதித் தர வேண்டும். மறுத்துவிட்டால் வாஷிங்டனில் உள்ள அப்பீல் போர்டுக்குப் போகலாம். போர்டு பல சமயம் 'உண்டு' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. "டாக்டர் சரியாகப் பரீட்சிக்கவில்லை, ரிக்கார்டைத் தேடவில்லை, மறுபடி பாருங்கள்" என்று கட்டைக் கீழ் ஆபீசுக்கே திருப்பிவிடும். அதுதான் ரிமாண்டு. அங்கே மறுத்தால் மறுபடி போர்டு, மறுபடி ரிமாண்டு என்று வருஷக் கணக்கில் செக்கு மாடாகச் சுற்றியவர்கள் அநேகம்.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம் இந்தச் சுற்றைக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம். புது முறையில் திரும்பிய கட்டு தானாகப் போர்டுக்குப் போகாது. கீழ் ஆபீஸ் மறுபடி மறுத்தால், ஒரு வருஷத்துக்குள் நாமே மேலே நகர வேண்டும். அசந்துவிட்டால், முதலில் மனுப்போட்ட தேதியிலிருந்து வரவேண்டிய பாக்கிப் பணத்துக்கு ஆபத்து.

சரி, ரிக்கார்டே இல்லாவிட்டால்? 1973 ஜூலை 12-ம் தேதி செயின்ட் லூயிஸ் நகரத்தருகே ராணுவ ரிக்கார்டுக் கட்டடத்தில் தீப்பிடித்தது. 160 முதல் 180 லட்சம் கட்டுகள் சாம்பலாயின. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கட்டுகளில் நூற்றுக்கு எண்பது போயிற்று. இதில் சிப்பாயின் குற்றம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

இங்கேதான் வீட்டுக்காரிக்கு வேலை வருகிறது. மனைவி கண்ணால் கண்டதை எழுதிக் கொடுத்தால் அதுவும் சாட்சியமே. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இத்தகைய சாட்சியத்தைத் தள்ளக் கூடாதென்று அப்பீல் கோர்ட்டு 2006-ல் தீர்ப்பளித்தது. வியாதிக்குப் பெயர் வைப்பது டாக்டர் பொறுப்பு. ஆனால் ராத்திரி அலறி எழுந்ததையும், மாடிப்படி ஏறும்போது எந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டார் என்பதையும் எந்த டாக்டர் பார்த்தார்? 'ரொம்பக் கஷ்டப்படுகிறார்' என்று பொதுவாக எழுதினால் பிரயோசனமில்லை. எந்த வருஷத்திலிருந்து, வாரத்தில் எத்தனை நாள், எந்த வேலையை விட்டார் என்று எழுத வேண்டும். மளிகைக் கணக்கு எழுதுகிற கைக்கு இது பெரிய வித்தையா என்ன?

இரு தரப்புச் சாட்சியமும் ஏறக்குறைய சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்பது அங்கே சட்டம். ஆகையால் தராசுத் தட்டில் அந்த ஒரு கடிதமும் கனமானதுதான்.

முன்பெல்லாம் வழக்கு நடக்கும்போதே கணவர் கண்ணை மூடிவிட்டால் அப்பீலும் அவரோடு போய்விடும். மனைவி புது மனுப்போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2008-ல் அதை மாற்றினார்கள். இப்போது அவர் இறந்த ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால், அவர் இடத்தில் அவளே நின்று, புதிய சாட்சியமும் சேர்த்து, அதே வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம்.